ஓர் அயர்லாந்துக் கதை கொடுத்து நம்மூர்க் கதை வாங்கும் வழி

"பாட்டி, ஒரு கதை சொல்லுங்க" என்று கேட்டால் எந்தப் பாட்டியும் சொல்ல மாட்டார். "எனக்கென்ன தெரியும், போய்ப் படிக்கிற வேலையப் பாரு" என்பார். செல்போனை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு கேட்டால் அந்தப் பதில்கூட வராது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமங்களில் முப்பத்தொரு வருஷம் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். அத்தனை வருஷமும் பிள்ளைகளை இப்படித்தான் கேட்டு எழுதிவரச் சொன்னேன். திங்கட்கிழமை வந்து சேரும் நோட்டுகளில் பாதிக்கு மேல் காக்காயும் வடையும்தான் இருக்கும். கேட்கிற வழி வேறு என்று நான் கற்றுக்கொண்டது ஓய்வு பெற்ற பிறகு, அயர்லாந்தில்.

என் மகள் அங்கே கார்க் நகரத்தில் நர்ஸ். பேத்தி பிறந்த சமயம் மூன்று மாதம் போய் இருந்தேன். போன பத்தாவது நாள், 2017 அக்டோபர் 16, ஒஃபீலியா புயல் அடித்தது. மதியத்துக்குள் கரண்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டில் தனியாக இருந்த எண்பது தாண்டிய அம்மா, எங்களிடம் மெழுகுவத்தி இருக்கிறதா என்று பார்க்க வந்தவர், உட்கார்ந்துவிட்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவராகவே ஒரு கதை சொன்னார். சொல்லி முடித்ததும் டீயைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

அவர் சொன்னது கஞ்ச ஜாக்கின் கதை. ஜாக் பெரிய குடிகாரன்; ஊரில் அவன் ஏமாற்றாத ஆள் கிடையாது. ஒருநாள் சாத்தானே அவனைக் கொண்டுபோக வந்து நின்றது. "வருகிறேன், கடைசியாக ஒரு கோப்பை குடித்துக்கொள்கிறேன். கையில் காசில்லை. நீதான் எந்த உருவமும் எடுப்பாயே, ஒரு காசாக மாறு, கடைக்காரனிடம் கொடுக்கலாம்" என்றான். மாறியதும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். பையில் ஏற்கெனவே ஒரு சிலுவை கிடந்தது. சாத்தானால் அசைய முடியவில்லை. "இனி என் உயிரைக் கேட்டு வரமாட்டேன் என்று சத்தியம் பண்ணு" என்று வாங்கிக்கொண்டுதான் விட்டான். காலம் வந்தது, செத்தான். சொர்க்கத்தில் சேர்க்கவில்லை. நரகத்து வாசலில் போய் நின்றால் சாத்தான், "உன் உயிர் வேண்டாமென்று சத்தியம் பண்ணியிருக்கிறேனே" என்று கதவைச் சாத்திவிட்டது. "இருட்டில் எப்படிப் போவேன்" என்று அழுதவனிடம் தணல் துண்டு ஒன்றைத் தூக்கிப் போட்டது. கையிலிருந்த டர்னிப் கிழங்கைக் குடைந்து, உள்ளே தணலை வைத்துக்கொண்டு, இன்றைக்கும் அவன் சதுப்பு நிலத்தில் அலைகிறானாம். அக்டோபர் 31, ஹாலோவீன் இரவில் அவர்கள் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தது இதனால்தான் என்பார்கள். கிழங்குக்குப் பதில் பூசணிக்காய் என்பது அமெரிக்காவுக்குக் குடியேறிப் போனவர்கள் கண்டது.

அவர் சும்மா இருந்த அந்த இரண்டு நிமிஷத்தில் என் அப்பாயியின் குரல் எனக்குக் கேட்டது. கொள்ளிவாய்ப் பிசாசு! ஐப்பசி மழையில் அப்பாயியின் அண்ணன் முள்ளியாற்றங்கரையில் வரும்போது, சேற்று நிலத்தில் ஒரு தீ நகர்ந்து போவதைப் பார்த்து, எவனோ பீடி பிடித்துக்கொண்டு போகிறான் என்று, "யாருப்பா அது, நெருப்பு குடுத்துட்டுப் போ" என்று கூப்பிட்டுக்கொண்டே ராத்திரி முழுக்கப் பின்னால் போய், விடியும்போது மூன்று ஊர் தள்ளி யாரோ ஒருவர் வயல் வரப்பில் பீடியோடு நின்றாராம். நாற்பது வருஷமாக நான் நினைத்தே பாராத கதை. மகள் இடையில் இருந்து மொழிபெயர்த்துச் சொன்னாள். அந்த அம்மா கையைத் தட்டிக்கொண்டு, "அங்கேயுமா!" என்றார்.

இந்த "அங்கேயுமா"தான் நான் சொல்லப்போகிற வழி முழுவதும். கேட்காதீர்கள், முதலில் கொடுங்கள். தூரத்துக் கதையாகக் கொடுங்கள். அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

தூரத்துக் கதை ஏன் என்றால், நம்மூர்க் கதையை நாம் சொன்னால் கேட்கிற பெரியவர் திருத்த ஆரம்பிப்பார், இல்லாவிட்டால் "அதான் உனக்கே தெரிஞ்சிருக்கே" என்று விட்டுவிடுவார். அயர்லாந்துக் கதை என்றால் அவர் பரீட்சை எழுதுகிறவர் இல்லை, எடைபோடுகிறவர். நம் ஊரில் எப்படி என்று அவர் மனசு தானாகவே ஒத்துப்பார்க்கும். அதனால் கதையைக் கும்பகோணத்துக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். ஜாக்கை ஜகந்நாதன் ஆக்க வேண்டாம், டர்னிப்பை முள்ளங்கி ஆக்க வேண்டாம். "நம்ம முள்ளங்கி மாதிரி, ஆனா உருண்டையா, தேங்காய் அளவு இருக்கும்" என்று கையால் காட்டினால் போதும்.

ஊருக்குத் திரும்பி வந்து இதை நான் முதலில் செய்தது கஜா புயலுக்குப் பிறகு. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் எங்கள் தெருவில் நின்ற தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை. இருபது நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. டிவி இல்லை, செல்போனில் சார்ஜ் இல்லை. பிள்ளைகள் இருட்டைப் பார்த்துப் பயந்தன. பெரியவர்கள் விழுந்த மரத்தைப் பார்த்துப் பேச்சற்று இருந்தார்கள். எங்கள் திண்ணையில் ஓர் அரிக்கேன் விளக்கை வைத்து உட்கார்ந்தேன். அயர்லாந்தில் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் திட்டம் 1946இல் தொடங்கியது. விளக்கு வந்ததும் பேய்கள் ஓடிவிட்டன என்று அங்கே பழைய ஆட்கள் சொல்வார்களாம். எங்களுக்கு அந்த இருபது நாளில் பேய்கள் எல்லாம் திரும்பி வந்தன.

புயலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடைமழை போதும். அங்கேயும் கதைக்குக் காலம் உண்டு: நவம்பர் தொடங்கிக் குளிர் முடிகிற வரை, இரவில். ஃபின் மக்கூல் என்ற பழைய வீரனின் கதைகளைப் பகலில் சொல்வது ஆகாது என்றே ஒரு கட்டுப்பாடு இருந்தது. நம் பக்கம் சம்பா நடவு முடிந்து தை அறுப்பு வருவதற்குள் கிடைக்கிற ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான் நல்ல பருவம். மேட்டூர் திறந்து தண்ணீர் வருகிற நேரத்திலும் அறுப்பு நேரத்திலும் ஆண்களிடம் போகாதீர்கள், அவர்கள் காது மதகடியிலும் களத்திலும் இருக்கும். பெண்களைப் பிடிக்க மதியம் இரண்டிலிருந்து நான்கு. கையில் வேலை கொடுத்துவிடுங்கள். முருங்கைக்கீரை ஆய்வது மாதிரி உத்தமமான வேலை கிடையாது: கண் கீழே இருக்கும், விரல் தானாக ஓடும், வாய் சும்மா இருக்கும். அயர்லாந்துப் பெண்கள் கம்பளி சிக்கெடுத்துக்கொண்டும் பின்னிக்கொண்டும் கதை பேசினார்கள், அதே கணக்குதான். வீட்டுக்கு இரண்டு கட்டுக் கீரையோடு போங்கள்.

முதல் கதை சின்னதாக, சிரிக்கிறதாக இருக்க வேண்டும். லீரின் பிள்ளைகள் நான்கு பேரும் சித்தியின் சாபத்தால் அன்னமாகித் தொள்ளாயிரம் வருஷம் குளிரில் கிடந்த கதை பெரிய கதைதான். ஆனால் அதை முதலில் சொன்னால் அழுதுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். நான் எப்போதும் தொடங்குவது லெப்ரகானில். முழங்கால் உயரம்கூட இல்லாத கிழவன், தொழில் செருப்புத் தைப்பது, சேர்த்துவைத்த பொன் ஏராளம். அவனைப் பிடித்துவிட்டால் பொன் இருக்கும் இடத்தைக் காட்டியே ஆக வேண்டும். ஆனால் கண்ணை எடுத்தால் மறைந்துவிடுவான்.

இதைச் சொல்லும்போது திண்ணையை விரலால் தட்டுங்கள்: டொக், டொக், டொக். ஒரு இளவட்டம் வேலி ஓரமாகப் போகிறான், சுத்தியல் சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்துக் கிழவனைப் பிடித்துவிடுகிறான். கண்ணை எடுக்கவே இல்லை. (இங்கே நீங்களும் ஒரு பிள்ளையை இமைக்காமல் பாருங்கள்.) கிழவன் வேறு வழியில்லாமல் ஒரு பெரிய வயலுக்குக் கூட்டிப்போகிறான். வயல் முழுக்க மஞ்சள் பூப் பூத்த களைச்செடி. "இந்தச் செடிக்கு அடியில் ஒரு கொப்பரை பொன்" என்று ஒன்றைக் காட்டுகிறான். இளவட்டத்திடம் மண்வெட்டி இல்லை. காலுறை கட்டியிருந்த சிவப்பு நாடாவை அவிழ்த்து அந்தச் செடியில் கட்டி, "இதை நீ தொடக்கூடாது, சத்தியம் பண்ணு" என்கிறான். கிழவன் மரியாதையாகச் சத்தியம் பண்ணுகிறான். ஓடிப்போய் மண்வெட்டியோடு திரும்பி வந்து பார்த்தால்...

இங்கே நிறுத்துங்கள். கீரை ஆய்கிற கை நிற்கிறதா என்று பாருங்கள். நின்ற பிறகுதான் சொல்ல வேண்டும்: வயலில் இருக்கிற ஒவ்வொரு செடியிலும் ஒரு சிவப்பு நாடா! கிழவன் சத்தியத்தை மீறவில்லை, அந்த நாடாவைத் தொடவே இல்லை.

சிரித்து முடித்ததும் நீங்கள் பேசக்கூடாது. நூறு எண்ணுகிற நேரம். ஆசிரியர்களுக்கு இது ரொம்பக் கஷ்டம், எனக்கும் இருந்தது. முதல் தடவை எழுபதுக்குள்ளேயே எதிர்வீட்டு அம்மாயி, "நம்ம கோயில் குளத்துலயும் கொப்பரை உருளும்பாங்க, சங்கிலிச் சத்தம் கேக்குமாம்" என்று தொடங்கினார். தலைச்சன் பிள்ளையைக் கொடுத்தால் மேலே வருகிறேன் என்று அது கேட்டதும், அதற்கு அந்த ஊர்க் கிழவி ஒருத்தி, "நானே தலைச்சன்தான், என்னை எடுத்துக்க" என்று படிக்கட்டில் இறங்கியதும், "கிழடு வேண்டாம்" என்று கொப்பரை உள்ளே போய்விட்டதும் அன்றைக்குத்தான் என் நோட்டில் ஏறின. அந்த அம்மாயியைப் பதினெட்டு வருஷமாக எனக்குத் தெரியும்.

கதை வராத வீட்டிலும் "செய்யக்கூடாது" இருக்கும். அதுவே பெரிய புதையல். ஆனால் மூடநம்பிக்கை என்ற சொல்லை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுப் போங்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பெரியவர்கள் குற்றவாளி மாதிரி ஆகிவிடுகிறார்கள். "உங்க அம்மா எதெதெல்லாம் செய்யவிட மாட்டாங்க?" என்று கேட்டாலும் பட்டியல்தான் வரும். இங்கேயும் முதலில் கொடுங்கள்.

நான் கொடுப்பது மே மாதம் முதல் தேதி. அன்று காலையில் பழைய அயர்லாந்துப் பண்ணை வீட்டில் பால் கேட்டு யார் வந்தாலும் கொடுக்க மாட்டார்கள். நெருப்பு கேட்டாலும் உப்பு கேட்டாலும் கிடையாது. கொடுத்தால் அந்த வருஷத்து வெண்ணெய் முழுவதும் வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடும் என்று பயம். தயிர் கடைகிற நேரத்தில் வீட்டுக்குள் யாராவது நுழைந்தால் அவரும் மத்தைப் பிடித்து நாலு சுற்றுக் கடைந்துவிட்டுத்தான் போக வேண்டும். கடையாமல் போனால் வெண்ணெய் திரளாது. இவ்வளவு சொன்னால் போதும். "விளக்கு வச்ச பொறவு நாங்களும் தயிர் குடுக்க மாட்டமே!" என்று ஒரு குரல் வரும். உப்பு, ஊசி, மோர் என்று அடுத்த குரல். விளக்கு வைத்தபின் பெருக்கினால் குப்பையை மூலையில் ஒதுக்கி வைத்துக் காலையில்தான் வாருவது, வெறும் முறத்தைத் தட்டக்கூடாது, வெறும் கத்தரிக்கோலை வெட்டக்கூடாது, வாசற்படியில் நின்று கொடுக்கல் வாங்கல் கூடாது. வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது என்பது அங்கேயும் உண்டு என்று சொன்னபோது எங்கள் தெருவில் ஒரு பெண் கீரையைக் கீழே வைத்துவிட்டாள். கார்க் அம்மாவிடம் இதையே நான் சொன்னபோது அவரும் கோப்பையைக் கீழே வைத்தார். கடலுக்கு இரண்டு பக்கத்திலும் பிள்ளையை இழந்த தாய்கள் இருந்திருக்கிறார்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. அயர்லாந்துக் கிராமத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் மேட்டிலும் மரத்தடியிலும் வாழ்கிறது என்று நம்பினார்கள். அவர்கள் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். "நல்லவர்கள்" என்றுதான் சொல்வார்கள். ராத்திரியில் கால் கழுவிய தண்ணீரை வாசலுக்கு வெளியே வீசும்போது, "தண்ணீர் வருது, ஒதுங்கிக்கொள்ளுங்கள்" என்று குரல் கொடுத்துவிட்டு வீசுவார்கள், நல்லவர்கள்மேல் பட்டுவிடக்கூடாது என்று. நான் இதைச் சொன்ன அன்றைக்கு ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், அதுக்குத்தான் நல்ல பாம்புக்கு நல்ல பாம்புன்னு பேரா?" என்று கேட்டான். முப்பத்தொரு வருஷம் நான் வகுப்பில் சொல்லித்தராத ஒன்றை அவன் எனக்குச் சொன்னான். உடனே ஆளாளுக்கு வந்தது: வசம்பு என்று ராத்திரியில் சொல்லாமல் "பேர் சொல்லாதது" என்பது, அம்மை போட்டால் "ஆத்தா வந்திருக்கா" என்பது, புளியமரத்தடியில் ஒதுங்குமுன் தூ தூ என்று துப்புவது. பாம்பே இல்லாத தீவு அயர்லாந்து என்று நான் சொன்னபோதுதான் ஒருவரும் நம்பவில்லை.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வருகிற ஒவ்வொரு வழக்கத்துக்கும் பின்னால் "இதில் அறிவியல் இருக்கிறது" என்று ஒரு விளக்கத்தை ஒட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் அந்த மாதிரி நிறைய வருகிறது. பெரும்பாலும் யாரோ உட்கார்ந்து கட்டியது. அதற்குப் பதிலாக, "உங்க அம்மா என்ன காரணம் சொல்வாங்க?" என்று கேளுங்கள். "காரணம் சொல்ல மாட்டாங்க, அடிப்பாங்க" என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

ஆண்களுக்கு வீட்டு வழக்கம் ஓடாது. டீக்கடை பெஞ்சில் ரோட்டுக் கதை சொல்லுங்கள். 1999இல் கிளேர் மாவட்டத்தில் லட்டூன் என்ற இடத்தில் புறவழிச்சாலை போட வந்தார்கள். வழியில் ஒற்றையாக ஒரு முள்மரம். எட்டி லெனிஹான் என்ற கதைசொல்லி, இது நல்லவர்கள் கூடுகிற மரம், மன்ஸ்டர் மாகாணத்துக் கூட்டம் கொனாட் மாகாணத்துக் கூட்டத்தோடு சண்டைக்குப் போகுமுன் இங்கேதான் திரளும், வெட்டினால் அந்தச் சாலையில் விபத்து ஓயாது என்று பத்திரிகைக்கு எழுதினார். உலகம் முழுக்கச் செய்தியாகிவிட்டது. கடைசியில் மரத்தை விட்டுவிட்டுச் சாலை போட்டார்கள். 2002இல் யாரோ ராத்திரியில் வந்து கிளைகளையெல்லாம் அறுத்துவிட்டுப் போனார்கள். மரம் மறுபடி தழைத்தது. இதைக் கேட்டுவிட்டுத் தங்கள் ஊர்ச் சாலையோரத்து முனீஸ்வரனைப் பற்றிப் பேசாத ஆண் டெல்டாவில் இல்லை.

வயதும் வருஷமும் வாங்குவதற்குத் தனியாக ஒரு வழி வேண்டும். "எந்த வருஷம் நடந்தது?" என்றால் பெரியவர்கள் தடுமாறுவார்கள். 1839 ஜனவரி 6 இரவு அயர்லாந்தில் ஒரு பெருங்காற்று அடித்தது; அந்தத் தலைமுறையே அதை வைத்துத்தான் வயதைக் கணக்கிட்டது. 1909இல் எழுபது வயதானவர்களுக்குப் பென்ஷன் வந்தபோது பல பேரிடம் பிறப்புச் சான்று இல்லை. அங்கே பிறப்பைப் பதிவுசெய்ய ஆரம்பித்ததே 1864இல்தான். "பெருங்காற்று அடித்த ராத்திரி நான் கையில் உருளைக்கிழங்கு வைத்துத் தின்கிற பிள்ளை" என்று சொன்னால் சரி, பென்ஷன். அந்தக் காற்றை நினைவு வைத்திருந்த ஆட்களின் எண்ணிக்கை திடீரென்று கூடிவிட்டது என்று அங்கே சிரித்துச் சொல்வார்கள். நம்மிடம் புயலுக்கு என்ன குறை? "77 புயலுக்கு உங்களுக்கு என்ன வயசு?" என்று கேளுங்கள். "தாவணி போட்டிருந்தேன்", "கைப்பிள்ளை இடுப்புல" என்று தெளிவாக வரும். கல்யாணம் அந்தப் புயலுக்கு முன்னாலா பின்னாலா, நிலம் விற்றது எப்போது, எல்லாவற்றையும் அந்த ஆணியில் மாட்டிவிடலாம்.

எழுதுவதற்குப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை அயர்லாந்து ஒரு நாடாகவே செய்து காட்டியது. 1937 முதல் 1939 வரை, ஏறக்குறைய 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடமும் அக்கம்பக்கத்திலும் கேட்டு நோட்டில் எழுதிவந்தார்கள். பெரும்பாலும் பதினொன்று முதல் பதினாலு வயதுப் பிள்ளைகள். கட்டுரை நோட்டுக்குப் பதிலாக இது. எதைக் கேட்பது என்று ஆசிரியர்களுக்கு 55 தலைப்புகளோடு ஒரு கையேடு போனது: புதையல், வைத்தியம், வானிலைக் குறி, பேய், உள்ளூர்ப் பலசாலி, கடைகிற மத்து. மொத்தம் 7,40,000 பக்கம் சேர்ந்தது. டப்ளினில் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கிறது. இப்போது இணையத்திலும் படிக்கலாம். மகள் எனக்குக் காட்டினாள். கோடு போட்ட தாளில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையெழுத்து, மேலே தேதி, கீழே "எனக்குச் சொன்னவர்" என்று தாத்தாவின் பேரும் வயதும் ஊரும். அந்தத் தாத்தாவும் இல்லை, அந்தப் பிள்ளையும் இன்று இருக்க வாய்ப்பு குறைவு. பக்கம் இருக்கிறது.

எங்கள் நோட்டும் அதே மாதிரிதான். ஒரு கதைக்கு ஒரு பக்கம். மேலே தேதி, சொன்னவர், வயது, ஊர், அவருக்கு யார் சொன்னார்கள். பிறகு அவர் சொன்ன பேச்சு, அதே பேச்சாக. "போவலாம்" என்றால் "போகலாம்" என்று திருத்தக்கூடாது. தமிழாசிரியையான நான் சொல்கிறேன்: இந்த நோட்டில் சிவப்பு மைக்கு வேலையில்லை. கெட்ட வார்த்தை வந்தால் பிள்ளைகள் முதல் எழுத்தைப் போட்டுக் கோடு இழுக்கட்டும். பேசும்போது எழுதவேண்டாம், வீட்டுக்குப் போய் அன்றைக்கு ராத்திரியே எழுத வேண்டும். மறுநாள் என்றால் பாதி நம் பேச்சாகிவிடும். யார் பேர் நோட்டில் வரக்கூடாதென்று சொல்கிறார்களோ அவர்கள் பேரை எழுதாதீர்கள்.

எல்லாவற்றையும் சிரித்துக் கேட்டுக்கொண்டிருக்கவும் முடியாது. 1895 மார்ச்சில் அயர்லாந்தின் டிப்பெரரி மாவட்டத்தில் பிரிஜெட் கிளியரி என்ற பெண்ணை அவள் கணவன் எரித்தே கொன்றான். அவள் உடம்புக்கு முடியாமல் கிடந்தாள்; இவள் என் மனைவி இல்லை, அவளை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றான். உறவுக்காரர்கள் சுற்றி நின்றார்கள். மேலே சிரித்துச் சொன்னேனே "நல்லவர்கள்", அதே நம்பிக்கைதான் இது. கடலுக்குப் போகும் வழியில் செம்பட்டை முடிப் பெண் எதிரே வந்தால் மீனவர்கள் திரும்பிவிடுவார்கள் என்று கார்க் அம்மா சொன்னபோது எனக்கு என் சின்ன அத்தை ஞாபகம் வந்தது. இருபத்துநாலு வயதில் தாலியறுத்தவர். தெருவில் யாராவது கிளம்பும் சத்தம் கேட்டால் ரேழிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். எதிரே வந்துவிடக்கூடாதே என்று. அறுபது வருஷம் நின்றார். இந்த மாதிரி வழக்கம் வந்தால் எழுதுங்கள், மறைக்காதீர்கள். ஆனால் எழுதிவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். "அந்தப் பொம்பளைக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று அங்கேயே, பிள்ளைகள் எதிரிலேயே கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன். ஒரு பாட்டி பதில் சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் மருமகள்தான் அன்றைக்குப் பேசினாள்.

கடைசியாக, கதையே தெரியாது என்று சத்தியம் பண்ணுகிற ஆளுக்கு ஒரு கதை. எங்கள் தெருக்கோடியில் தண்ணீர் திறக்கிற வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். மூன்று சனிக்கிழமை வந்து உட்கார்ந்தார், சுண்டல் வாங்கினார், "எனக்குக் கதையெல்லாம் கெடையாது டீச்சரம்மா" என்று போய்விட்டார். நாலாவது சனிக்கிழமை இதைச் சொன்னேன்.

அயர்லாந்தில் கூடை முடைகிறவன் ஒருவன். பிரம்பு வெட்டப் போன இடத்தில் மூடுபனி கவிந்து வழி தவறுகிறான். ஒரு வீட்டில் விளக்கு. கிழவனும் கிழவியும் சோறு போட்டு, "ஒரு கதை சொல்லு" என்கிறார்கள். "என் வாழ்நாளில் ஒரு கதை சொன்னதில்லை" என்கிறான். "சரி, கிணற்றில் ஒரு வாளித் தண்ணீராவது கொண்டு வா" என்கிறாள் கிழவி. கிணற்றடியில் ஒரு காற்று அவனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாவு வீட்டு வாசலில் போடுகிறது. உள்ளே, "பிடில் வாசிக்க ஆள் வேண்டும்" என்கிறார்கள். "இதோ இவன்தான் நாட்டிலேயே பெரிய வித்வான்" என்கிறாள் ஒரு பெண். தொட்டே பார்க்காத பிடிலை வாசிக்கிறான், வருகிறது. "பூசை வைக்கச் சாமியார் வேண்டும்." இவன்தான். பிணம் தூக்குகிற நாலு பேரில் ஒருவன் மட்டும் நெட்டை, பெட்டி சாய்கிறது, "காலை வெட்டிக் குட்டையாக்க வைத்தியர் வேண்டும்." அதற்கும் இவன்தான். கல்லறைச் சுவரைத் தாண்டும்போது மறுபடி காற்று வந்து கிணற்றடியிலேயே கொண்டுவந்து விடுகிறது. வாளியோடு உள்ளே போனால் கிழவி, "இனிமேல் யாராவது கதை கேட்டால் உன்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது" என்கிறாள். காலையில் விழித்துப் பார்க்கிறான். வீடும் இல்லை, கிழவியும் இல்லை, பிரம்புக் கட்டின்மேல் தலை வைத்துப் படுத்திருக்கிறான்.

பெரியவர் சுண்டல் காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். யாரும் பேசவில்லை. "எனக்கும் ஒரு ராத்திரி அப்படி ஆச்சு" என்றார்.

77 புயல் ராத்திரி. அப்பா மதகைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவருக்குப் பதினாலு வயது. காற்று ஆளை நிற்கவிடவில்லை. தவழ்ந்து போய் ஒரு வீட்டில் ஏறினால் உள்ளே பிணம், பக்கத்தில் ஒரே ஓர் அம்மா. வேறு யாரும் வரமுடியாத இரவு. "தம்பி, தலைமாட்டு வெளக்கு அணையாமப் பாத்துக்க" என்றிருக்கிறார். கூரை பாதி போய்விட்டது. விடிகிற வரை விளக்கை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தாராம். சட்டையை விலக்கி, வயிற்றில் தழும்பைக் காட்டினார். விளக்கு அணையவில்லை. காலையில் அந்த அம்மா நனையாத நெல்லில் ஒரு மரக்கால் அளந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார். வீட்டில் இவரைச் செத்துப்போனதாக நினைத்து அழுதுகொண்டிருந்தார்கள். அந்த அழுகையில் யாரும் எங்கே இருந்தாய் என்று கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

"இதெல்லாம் கதையில சேருமா டீச்சரம்மா?" என்றார்.

எழுதியதைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்டாமல் நோட்டை மூடக்கூடாது. மறுநாள் காலை அவர் வீட்டு வாசலுக்கே போய் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நெல் அளந்த இடம் வந்ததும் கையைத் தூக்கினார்.

"ஒரு மரக்கா இல்ல, ரெண்டு. ரெண்டுன்னு எழுதுங்க."